சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டில் சாலை மிதிவண்டிப் பயிற்சி: கருவி தேர்விலிருந்து வாரத் திட்டம் வரை

சிங்கப்பூரில் சாலை மிதிவண்டி ஓட்டுபவர்களிடம் வீட்டுக்குள் ஏன் பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் மழையைத்தான் காரணமாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் மழை இரண்டாவது காரணம். முதற்காரணம் போக்குவரத்து விளக்கு. உடல் வலுப்பெற வேண்டுமானால் ஒரே அளவு உழைப்பை 15 அல்லது 20 நிமிடங்கள் இடைவிடாமல் தர வேண்டும். நம் சாலைகளில் சாங்கி கோஸ்ட் ரோடு, லிம் சூ காங் போன்ற சில நீண்ட பாதைகளைத் தவிர வேறெங்கும் அதற்கு வாய்ப்பில்லை. மேடும் நமக்குக் குறைவு. நாட்டின் மிக உயர்ந்த இயற்கைக் குன்றான புக்கிட் தீமாவே 163 மீட்டர்தான். மவுண்ட் ஃபேபர் ஏற்றம் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. மலேசியாவின் ஜெந்திங் மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏற வேண்டும் என்று ஆசைப்படும் ஒருவர், அந்த ஒரு மணி நேரத்தை இங்கே எங்கே பழகுவார்? வீட்டு அறையில்தான் பழக முடியும்.

ஆனால் அந்த அறை நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே உள்ள ஊரில் இருக்கிறது. குளிர் நாட்டவர்களுக்காக எழுதப்பட்ட அறிவுரைகளை அப்படியே எடுத்துக்கொண்டு இங்கே பயிற்சி செய்தால் மூன்றாவது வாரமே மனம் விட்டுப்போகும். வண்டியை வைத்து வீட்டுக்குள்ளேயே மிதிக்க உதவும் டிரெய்னர் என்ற கருவிக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் செலவழித்துவிட்டு, காற்றாடிக்கு ஐம்பது வெள்ளி செலவழிக்கத் தயங்குபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த வழிகாட்டியின் வரிசை அதற்கு நேர்மாறானது. முதலில் உடலுக்கும் வண்டிக்கும் உள்ள பொருத்தம், பிறகு வெப்பம், அதன் பிறகே மிதிக்கும் வலுவை அளக்கும் வாட் கணக்கு.

முதற்படி: உடல் தொடும் மூன்று இடங்கள்

இருக்கை, மிதி, கைப்பிடி ஆகிய மூன்று இடங்களில்தான் உடல் வண்டியைத் தொடுகிறது. சாலையில் வண்டி இடமும் வலமும் சற்று ஆடும், பள்ளம் வந்தால் எழுவோம், விளக்கில் நின்றால் காலை ஊன்றுவோம். அதனால் பொருத்தத்தில் உள்ள சிறு பிழைகளை உடல் பொறுத்துக்கொள்கிறது. டிரெய்னரில் வண்டி அசையாது. சாலையில் இரண்டு மணி நேரத்தில் தெரியாத வலி, வீட்டில் இருபதே நிமிடத்தில் தெரியும்.

இருக்கை உயரத்திலிருந்து தொடங்குங்கள். வெறுங்காலுடன் சுவரில் முதுகு சாய்த்து நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையில் நன்றாக மேலே அழுத்தி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளந்தால் உங்கள் உட்கால் நீளம் கிடைக்கும். அதை 0.883 ஆல் பெருக்கினால், மிதிகளைத் தாங்கும் கைகள் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் ஏறக்குறைய வரும். உட்கால் 80 சென்டிமீட்டர் என்றால் 70.6 சென்டிமீட்டர். இது தொடக்கப் புள்ளி மட்டுமே. மிதி கீழே இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்க வேண்டும். இடுப்பு இரு பக்கமும் ஆடினால் உயரம் அதிகம், முழங்காலின் முன்புறம் வலித்தால் பெரும்பாலும் உயரம் குறைவு. ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் மாற்றாதீர்கள்.

காலணியின் அடியில் பொருத்தி மிதியில் பூட்டும் கிளீட்டுகளில் நிறத்துக்கு அர்த்தம் உண்டு. ஷிமானோவின் சாலை வகையில் மஞ்சள் நிறம் குதிகாலுக்கு 6 பாகை அசைவு தரும், நீலம் 2 பாகை தரும், சிவப்பு அசைவே தராது. புதியவர்கள் மஞ்சளைத் தவிர வேறு எதையும் வாங்க வேண்டியதில்லை. அசையாத வண்டியில் அசையாத கிளீட்டைப் பூட்டிக்கொண்டு மிதித்தால் முழங்காலுக்குத்தான் கேடு.

ஜெர்சியில் மிச்சம் பிடியுங்கள், தோள்வார் வைத்த காற்சட்டையான பிப் ஷார்ட்ஸில் பிடிக்காதீர்கள். அதன் உள்ளே இருக்கும் பஞ்சுத் திண்டு நேரடியாகத் தோலில் பட வேண்டும்; உள்ளாடைக்கு மேல் அணிந்தால் தையல் உராய்ந்து புண்ணாகும். நம் ஊர் ஈரப்பதத்தில் அந்தப் புண் எளிதில் ஆறாது. குறைந்தது இரண்டு பிப் ஷார்ட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மழைக்காலத்தில் துவைத்தது மறுநாளைக்குள் காயும் என்று சொல்ல முடியாது.

இரண்டாம் படி: சாலைக்கு வேண்டியவை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2019 பிப்ரவரியிலிருந்து சாலையில் ஓட்டுபவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயம். இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரை முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு விளக்கு எரிய வேண்டும். கனமழையில் பகலிலும் எரிய விடுங்கள். 2022 தொடக்கத்திலிருந்து குழுவாகச் செல்பவர்கள் ஒற்றை வரிசையில் 5 பேர், இருவர் இருவராகச் செல்ல அனுமதியுள்ள சாலையில் 10 பேர் என்ற வரம்புக்குள் இருக்க வேண்டும். விரைவுச்சாலைகளில் மிதிவண்டிக்கு இடமே இல்லை.

டயர் 28 மில்லிமீட்டர் அகலமாக இருக்கட்டும். 23 மில்லிமீட்டர் டயரில் காற்றைக் கல் போல அடைத்து ஓட்டிய காலம் போய்விட்டது. 70 கிலோ எடையுள்ளவருக்கு 28 மில்லிமீட்டர் டயரில் ஏறக்குறைய 70 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும். முன்சக்கரத்தில் அதிலும் சில புள்ளிகள் குறைவாக இருக்கலாம். மழை நாளில் சாலையின் வெள்ளைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் எண்ணெய் தடவியது போல வழுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாம் படி: எந்த டிரெய்னர்?

வீட்டுப் பயிற்சிக் கருவிகளில் மூன்று வகை உண்டு. மூன்று உருளைகளின் மேல் வண்டியை அப்படியே வைத்து ஓட்டும் ரோலர் பழையது. சமநிலையை நன்றாகக் கற்றுத்தரும், ஆனால் முழு வலுவில் மிதிக்கப் பழகுபவருக்கு ஏற்றதல்ல. இரண்டாவது வகையில் பின்சக்கரம் ஒரு சிறு உருளையை அழுத்திச் சுழலும். விலை குறைவு, ஆனால் டயர் தேயும், சூடாகும், இரைச்சல் அதிகம், வாட் அளவில் 5 விழுக்காடு வரை பிசகலாம். மூன்றாவது வகையான டைரக்ட் டிரைவில் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சங்கிலியை நேரே கருவியிலுள்ள பல்சக்கரத்தில் மாட்டுகிறோம். வாஹூ, டாக்ஸ், எலைட் போன்ற நிறுவனங்களின் உயர்நிலைக் கருவிகள் வாட் அளவில் 1 அல்லது 2 விழுக்காட்டுத் துல்லியம் உள்ளவை என்று குறிப்பிடப்படுகின்றன. அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்கு நான் டைரக்ட் டிரைவையே பரிந்துரைப்பேன், முக்கியமாக அதன் ஓசை குறைவு என்பதற்காக. பழையதை வாங்கினாலும் பரவாயில்லை. சங்கிலியின்றிக் கையால் சுழற்றிப் பார்த்துக் கரகரப்பு இல்லையென்றால் துணிந்து வாங்கலாம்.

வாங்கும் முன் உங்கள் வண்டியைப் பற்றி இரண்டு விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும். பின்சக்கர அச்சு எந்த வகை என்பது முதலாவது: டிஸ்க் பிரேக் சாலை வண்டிகளில் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் தடிமனும் 142 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஊடச்சு இருக்கும், பழைய ரிம் பிரேக் வண்டிகளில் 130 மில்லிமீட்டர் அகலத்தில் நெம்புகோல் அச்சு இருக்கும். இரண்டாவது, பின்னாலுள்ள பற்சக்கர அடுக்கான கேசட்டில் எத்தனை பற்சக்கரங்கள் என்பது. 11 வேக வண்டிக்கு 11 வேக கேசட்தான் வேண்டும், பல கருவிகள் கேசட் இல்லாமலே விற்கப்படுகின்றன. வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியைத் திறந்த பிறகு இதைக் கண்டுபிடித்து ஒரு வாரம் காத்திருப்பவர்கள் உண்டு.

டிஸ்க் பிரேக் வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றியதும், பிரேக் கட்டைகளுக்கிடையே வண்டியோடு வந்த பிளாஸ்டிக் துண்டைச் செருகிவிடுங்கள். பழக்கத்தில் பிரேக்கை அழுத்திவிட்டால் கட்டைகள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பிறகு சக்கரம் உள்ளே நுழையாது. வண்டி கார்பனால் ஆனது என்றால், டிரெய்னரில் பொருத்துவதை உத்தரவாதம் அனுமதிக்கிறதா என்று தயாரிப்பாளரின் விதிகளைப் படித்துப் பார்ப்பது நல்லது. பழைய அலுமினிய வண்டி ஒன்று கையிலிருந்தால் அதையே வீட்டுக்கென நிரந்தரமாக ஒதுக்குங்கள். பாதிப் பயிற்சிகள் தவறிப்போவது வண்டியை மாட்டிக் கழற்றும் சோம்பலால்தான்.

நான்காம் படி: தரையும் கீழ்வீடும்

டைரக்ட் டிரைவ் கருவி ஓசை எழுப்பாது என்று விளம்பரம் சொல்வது அறைக்குள் உண்மை, கீழ்வீட்டில் உண்மையல்ல. காற்றில் பரவும் ஓசை குறைவுதான். ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் எழும் அதிர்வு கால்களின் வழியே ஓட்டுத் தரைக்குள் இறங்கி, கான்கிரீட்டில் பரவிக் கீழ்வீட்டுக் கூரையில் உறுமலாக ஒலிக்கும். நான் தொடங்கிய இரண்டாவது வாரத்தில் கீழ்வீட்டு அம்மா மின்தூக்கி அருகே என்னை நிறுத்தி, "தம்பி, ராத்திரியில உங்க வீட்டுல கிரைண்டர் ஓடுதா? மாவு அரைக்கிற சத்தம் மாதிரியே கேக்குதே" என்று கேட்டார். அவர் கோபப்படவில்லை, ஆனால் அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது.

அன்றே சோதித்துப் பார்த்தேன். வீட்டிலுள்ள ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு ஒரு மீட்டர் தள்ளித் தரையில் உள்ளங்கையை வைத்தால், மெல்லிய விரிப்பின் மேல் நின்ற கருவியின் துடிப்பு விரல் நுனிவரை வந்தது. பிறகு அடியில் மென்மையான நுரைப் பாய், அதன் மேல் ஒரு பலகை, பலகையின் மேல் உடற்பயிற்சிக் கூடங்களில் விரிக்கும் கனமான ரப்பர் பாய் என்று மூன்று அடுக்காக வைத்தபோது கையில் ஏறக்குறைய எதுவும் தெரியவில்லை. மென்மையானது மட்டும் இருந்தால் கருவி ஆடும், கடினமானது மட்டும் இருந்தால் அதிர்வு இறங்கும். இரண்டும் சேர வேண்டும். அக்கம்பக்கத்து ஓசைக்கான சமூக ஆலோசனைக் குழு 2022இல் பரிந்துரைத்த அமைதி நேரம் இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை. பாய் எவ்வளவு தடிமனாக இருந்தாலும், விடியற்காலையில் முழு வலுவில் பயிற்சி செய்ய நினைப்பவர் முதலில் கீழ்வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாம் படி: காற்று

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் பின்பற்றுவதென்றால் இதைப் பின்பற்றுங்கள்.

மனித உடல் தான் எரிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை, சற்றுக் கூடுதலாகவே, மிதியில் வேலையாக மாற்றுகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். நீங்கள் 180 வாட் கொடுத்து மிதித்தால் உடலுக்குள் 600 வாட்டுக்கு மேல் வெப்பம் பிறக்கிறது. ஒரு சிறிய மின் அடுப்பை வயிற்றில் கட்டிக்கொண்டது போல. அதை வெளியேற்ற உடலுக்குள்ள பெரிய வழி வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலிலிருந்து ஆவியானால் ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் போகும், அதாவது ஒரு மணி நேரத்துக்குச் சராசரி 670 வாட். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தரையில் சொட்டும் வியர்வை இதில் சேராது. அது உடலைக் குளிர்விக்காமலே வீணாகிறது, நம் ஈரக் காற்றில் பெரும்பகுதி அப்படித்தான் சொட்டுகிறது.

சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்கு நொடிக்கு 8 மீட்டருக்கு மேற்பட்ட எதிர்க்காற்று இலவசமாகக் கிடைக்கிறது. அறையில் அது சுழி. மேசைக் காற்றாடி அந்த இடத்தை நிரப்பாது. 18 அங்குல அளவுள்ள, தொழிற்கூடங்களில் பயன்படுத்தும் தரைக் காற்றாடி ஒன்றை ஒரு மீட்டர் தொலைவில், நெஞ்சுக்கும் முகத்துக்கும் காற்று வரும்படி சற்று மேல்நோக்கி வையுங்கள். இன்னொரு சிறிய காற்றாடி பக்கவாட்டில் முதுகின் மேல் அடித்தால் வித்தியாசம் உடனே தெரியும். குளிர்சாதனக் கருவி உள்ளவர்கள் அதைக் காற்றாடிக்குத் துணையாகக் கொள்ளுங்கள். அது காற்றைக் குளிர்விப்பதோடு ஈரத்தையும் இழுத்துவிடுகிறது, ஆனால் காற்றாடி இல்லாமல் அது மட்டும் போதாது. குளிர்சாதனம் இல்லையென்றால் சன்னலையும் கதவையும் நேர்நேரே திறந்துவிடுங்கள். மூடிய அறையில் உங்கள் வியர்வையே அரை மணி நேரத்தில் காற்றைக் கனக்கச் செய்துவிடும்.

புகைமூட்ட நாட்களுக்கு இது பொருந்தாது. 2013 ஜூன் 21 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டதை இங்கு வாழ்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நாளில் சன்னலைத் திறந்துவைத்து மிதிப்பதும் தெருவில் ஓட்டுவதும் நுரையீரலுக்கு ஒன்றுதான். சன்னலைச் சாத்திக் காற்றுச் சுத்திகரிப்புக் கருவியை ஓடவிட்டு மெதுவாக மிதியுங்கள், அல்லது அன்று விட்டுவிடுங்கள்.

எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதை எடைக்கருவி சொல்லும். பயிற்சிக்கு முன் 70 கிலோ, முடித்துத் துடைத்த பின் 69.2 கிலோ, நடுவே அரை லிட்டர் குடித்திருக்கிறீர்கள் என்றால், ஒரு மணி நேரத்தில் 1.3 லிட்டர் வியர்த்திருக்கிறது. எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல் இழக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். எடை கூடும் அளவுக்குக் குடிப்பதும் ஆபத்து. ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயிற்சியில் உப்பும் மாவுச்சத்தும் வேண்டும், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான அளவு. பேரீச்சம்பழமும் வாழைப்பழமும் அதற்குப் போதுமானவை. பயிற்சி முடிந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் ஒரு செம்பு குடிப்பது என் வழக்கம். கடையில் விற்கும் எந்தப் பொடியையும் விட எனக்கு அது ஒத்துக்கொள்கிறது.

ஆறாம் படி: உப்பு

வியர்வை வண்டிக்குச் செய்யும் கேடு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. ஓராண்டு வீட்டுப் பயிற்சிக்குப் பின் என் கைப்பிடிப் பட்டியை மாற்றுவதற்காகப் பிரித்தேன். பட்டியின் கடைசிச் சுற்று விலகியதும் அலுமினியக் குழாயின் மேல் சுண்ணாம்பு பூத்தது போல வெள்ளைத் தூள் அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். தூளின் கீழே உலோகம் அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாக அரித்திருந்தது. பிரேக் நெம்புகோலின் வளையம் இறுகும் இடத்தில் ஒரு குழி அரிசி நீளம் இருந்தது. அந்தக் கைப்பிடியோடுதான் முந்தைய ஞாயிறு மவுண்ட் ஃபேபரிலிருந்து இறங்கியிருந்தேன். அது சாலையில் முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் மனம் பதறுகிறது.

அதனால் ஒவ்வொரு பயிற்சியிலும் கைப்பிடியின் மேல் பெரிய துண்டும், கைப்பிடியைத் தாங்கும் ஸ்டெம்மிலிருந்து இருக்கைத் தண்டு வரை வியர்வை வலையும் போட்டிருங்கள். முடித்ததும் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடையுங்கள். ஸ்டெம் திருகுகளுக்கும் அதன் கீழே கைப்பிடி திரும்ப உதவும் ஹெட்செட்டின் மேற்பகுதிக்கும் கிரீஸ் தடவியிருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியைப் பிரித்துப் பாருங்கள்.

ஏழாம் படி: உங்கள் வலுவை அளத்தல்

ஸ்விஃப்ட், ரூவி, மைவூஷ் போன்ற செயலிகளில் எதைத் தேர்ந்தாலும் எஃப்டிபி என்ற ஓர் எண்ணை அது கேட்கும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய உச்ச உழைப்பின் வாட் அளவு அது. அளப்பதற்கு முன் 10 நிமிடம் மிதித்துக் கருவியைச் சூடாக்கி, தேவைப்படும் கருவிகளில் செயலி சொல்லும்படி அளவைச் சீர்செய்துகொள்ளுங்கள். பிறகு நன்றாக உடலைத் தயார்படுத்தி, 20 நிமிடம் ஒரே சீராக உங்களால் முடிந்த உச்சத்தில் மிதியுங்கள். சராசரியில் 95 விழுக்காடு உங்கள் எஃப்டிபி: 200 வாட் என்றால் 190. முதல் ஐந்து நிமிடம் எளிதாகத் தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் வேகமாகத் தொடங்கிவிட்டீர்கள்.

நாற்பது வயதைக் கடந்தவர்களும், இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர்களும் இந்தச் சோதனைக்கு முன் பலதுறை மருந்தகத்திலோ தங்கள் மருத்துவரிடமோ கட்டாயம் கேட்டுவிடுங்கள். நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

வீட்டில் அளந்த எண்ணை வீட்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். வெப்பத்தால் பலருக்கும் அது சாலையில் வரும் அளவை விடக் குறைவாக இருக்கும், அதில் வருந்த ஒன்றுமில்லை.

எட்டாம் படி: வாரம்

வேலைக்குப் போகும் ஒருவருக்கு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலும் ஒரு நாள் சாலையிலும் போதும். 190 வாட் எஃப்டிபி உள்ளவரை வைத்துச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை 167 முதல் 178 வாட்டில் 15 நிமிடங்கள் இரண்டு தடவை, நடுவே 5 நிமிடம் இளைப்பாறல்; சில வாரங்களில் அது 20 நிமிடங்கள் இரண்டு தடவையாக வளரட்டும். ஜெந்திங் ஏற விரும்புபவருக்கு இதுதான் உயிர்நாடி. வியாழக்கிழமை 210 வாட் அளவில் 3 நிமிடங்கள் ஐந்து தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையில் 3 நிமிட ஓய்வு. வெள்ளி அல்லது சனிக்கிழமை 106 முதல் 142 வாட்டுக்குள் முக்கால் மணி நேரம், பக்கத்தில் உள்ளவரோடு தொடர்ச்சியாகப் பேச முடிகிற அளவில். இந்த எளிய நாளை யாரும் மதிப்பதில்லை, ஆனால் இதைக் கடினமாக்கியவர்கள்தான் வியாழக்கிழமைப் பயிற்சியைப் பாதியில் விடுகிறார்கள். நான்காவது வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறையுங்கள்.

கருவியே எதிர்ப்பைச் சரிசெய்து குறித்த வாட்டில் நிறுத்தும் எர்க் முறையைப் பயன்படுத்துவோருக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். களைப்பில் மிதி வேகம் குறைந்தால் கருவி எதிர்ப்பைக் கூட்டும். கூட்டக் கூட்டக் கால் இன்னும் மெதுவாகும், கடைசியில் சேற்றில் புதைந்தது போல நின்றுவிடும். நிமிடத்துக்கு 85 சுற்றுக்குக் கீழே போகத் தொடங்கும்போதே வேகத்தைக் கூட்டுங்கள், அல்லது இலக்கை 5 விழுக்காடு குறையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதித்தால் இருக்கையின் அழுத்தமும் தணியும்.

ஒன்பதாம் படி: ஞாயிறு காலை, மீண்டும் சாலைக்கு

ஒரே வண்டியை இரண்டுக்கும் பயன்படுத்துபவர்கள் சனிக்கிழமை இரவே அதைக் கருவியிலிருந்து எடுத்துவிடுங்கள். விடியற்காலை ஐந்தரை மணி அவசரத்தில் அச்சை இறுக்க மறப்பது எளிது. பிரேக்கிலுள்ள பிளாஸ்டிக் துண்டை எடுத்து, சக்கரத்தைப் பொருத்தி, அச்சை இறுக்கி, சக்கரத்தைச் சுழற்றிப் பிரேக்கை இரண்டு தடவை அழுத்திப் பாருங்கள். ஒரு வாரம் அசையாமல் நின்ற முன்சக்கரத்திலும் காற்றுக் குறைந்திருக்கும், இரண்டுக்கும் அடையுங்கள். பின்சக்கரம் உருளையை அழுத்தும் இரண்டாம் வகை டிரெய்னரில் ஓட்டிய பின்டயர் பளபளப்பாகத் தேய்ந்து ஈரச் சாலையில் பிடிமானத்தை இழந்திருக்கும். அதைச் சாலைக்கு எடுத்துச் செல்லாமல் வேறு டயர் மாட்டிக்கொள்ளுங்கள். விளக்குகளை மின்னேற்றத்தில் போட்டுவிட்டு, தலைக்கவசத்தைக் கைப்பிடியிலேயே தொங்கவிட்டு, குடுவைகள் இரண்டையும் நிரப்பிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம்.